கல்முனைக் கரையோர முஸ்லிம் மக்களின் தமிழ்: கிளைமொழியா, தனிமொழியா?

ஒரு மக்கட் கூட்டத்தாரின் பேச்சு தனிமொழியா, அன்றி வேறொரு மொழியின் கிளையா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு இலக்கண ஆசிரியருக்கு மட்டுமே உரியதாகத் தோன்றும். உண்மையில் அவ்வினாவின் பின்னால் பள்ளிக்கூடமும் சட்டசபையும் குடிசன மதிப்பும் நிற்கின்றன. தனிமொழி என ஒப்புக்கொள்ளப்பட்ட பேச்சுக்கு எழுத்தும் பாடநூலும் அரசின் ஆதரவும் கிடைக்கின்றன. கிளைமொழி எனப்பட்ட பேச்சுக்குப் பெரும்பாலும் கொச்சை என்னும் இழிபெயரே கிடைக்கின்றது. ஆதலின் இவ்வினாவுக்கு விடை காண்பதில் அவசரமும் விருப்பு வெறுப்பும் ஆகா.

இவ்வகை வழக்குகள் உலகெங்கும் உள்ளன. துருக்கி மொழிக் குடும்பத்திலிருந்து இரண்டினை எடுத்து நோக்கலாம். ஈரான் நாட்டின் நடுப்பகுதியில், கும் நகருக்குத் தென்மேற்கேயுள்ள சிற்றூர்களில் கலஜ் என்னும் சிறுபான்மையோர் வாழ்கின்றனர். அவர்தம் பேச்சை அசர்பைசானிய மொழியின் ஒரு கிளை எனவே நெடுங்காலம் கருதி வந்தனர். 1940 ஆம் ஆண்டில் அதனைப் பற்றிக் கட்டுரை வரைந்த மினோர்ஸ்கியும் அதனைத் துருக்கியக் கிளைமொழி என்றே தலைப்பிட்டார். பின்னர், 1960 களின் இறுதியில் ஜேர்மானிய அறிஞர் டோர்ஃபர் அம்மக்களின் பேச்சை நேரிற் பதிவுசெய்து ஆராய்ந்தார். பழந்துருக்கியில் 'அதக்' என வழங்கிய பாதத்தின் பெயர் இக்காலத் துருக்கியில் 'அயக்' ஆயிற்று. கலஜ் மக்களோ இன்றும் 'ஹதக்' என்கின்றனர். பிற துருக்கி மொழிகள் பெரும்பாலானவை இழந்துவிட்ட ஒலிகள் அச்சிற்றூர்களில் உயிருடன் இருந்தன. அயலாரின் பேச்சிலிருந்து திரிந்த ஒரு கிளையில் இத்தகைய பழமை இருத்தல் இயலாது. எனவே அது தனித்ததொரு பிரிவு என டோர்ஃபர் நிறுவ முயன்றார். மொழியறிஞர் பலர் அதனை ஏற்றுக்கொண்டனர்.

மற்றையது இதற்கு நேர்மாறானது. மொல்தாவிய நாட்டின் தெற்கே வாழும் ககாவுசு மக்கள் கிறித்தவர். வைதிகத் திருச்சபையைச் சேர்ந்தவர். அவர்தம் பேச்சு துருக்கி நாட்டு மொழிக்கு மிகவும் நெருங்கியது. துருக்கியர் ஒருவர் அதனைப் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார். ஆயினும் 1957 இல் சோவியத் ஆட்சி அதற்கெனச் சிரில்லிக் எழுத்து முறையை வகுத்தது. 1994 இல் மொல்தாவியாவில் அம்மக்களுக்குத் தன்னாட்சிப் பிரதேசமும் சட்டத்தால் அமைந்தது. இன்று அது தனிமொழியாகவே எண்ணப்படுகின்றது. கலஜ் பேச்சைத் தனிமொழி ஆக்கியது ஒலியும் இலக்கணமும். ககாவுசு பேச்சைத் தனிமொழி ஆக்கியது சமயமும் அரசியலும். 'மொழி' என்னும் ஒரே பெயரின்கீழ் இருவேறு அளவைகள் தொழிற்படுகின்றன என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விரு அளவைகளும் ஒருங்கே வந்து மோதிய இடம் ஈழநாட்டிலும் உண்டு. அதுவே முஸ்லிம் மக்களின் தமிழ். அதனைக் கிழக்குக் கரையோரத்தில் வைத்து ஆராய்தல் மிகப் பொருத்தமுடையது. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தில், 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஐந்தில் இரண்டு பங்கினர்க்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். கரையோரத்தில் அவர்களும் தமிழரும் ஊர் மாறி ஊராக வாழ்கின்றனர். பெரியநீலாவணை தமிழர் ஊர். அதனையடுத்த மருதமுனை நெசவுக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். அடுத்துப் பாண்டிருப்பு தமிழர் ஊர். கல்முனையில் இருசாராரும் உளர். கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம் ஊர்கள். விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு தமிழர் ஊர். அதன் தெற்கே நிந்தவூர் முஸ்லிம் ஊர். ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என முஸ்லிம் ஊர்கள் தொடர்ந்து, இரு சமூகத்தாரும் வாழும் அக்கரைப்பற்றைச் சேரும். போர்த்துக்கேயரால் நெருக்குண்ட முஸ்லிம்கள் நாலாயிரவரைக் கண்டியரசன் செனரதன் 1626 ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என வரலாற்றாசிரியர் கூறுவர். அதற்கு முன்னும் பின்னும் வந்து சேர்ந்தோரும் உளர். இத்துணை நெடுங்காலம் அருகருகே வாழ்ந்தோரின் பேச்சில் ஒற்றுமை எவ்வளவு, வேற்றுமை எவ்வளவு என்பதே முதலில் ஆராயத்தக்கது.

வேற்றுமையை முதற்கண் நோக்குவாம். தந்தையை 'வாப்பா' என்றும், தாயை 'உம்மா' என்றும், தமையனைக் 'காக்கா' என்றும், தமக்கையை 'ராத்தா' என்றும், சிறிய தாயைச் 'சாச்சி' என்றும் முஸ்லிம் பிள்ளைகள் அழைப்பர். தெருவில் ஒரு பிள்ளை தாயை விளித்த மாத்திரத்தே அது எவ்வீட்டுப் பிள்ளை என அயலார் அறிந்துகொள்வர். சமய வாழ்வோடு அரபுச் சொற்கள் பல வந்துள்ளன. வேண்டுதல் 'துஆ', திருமணம் 'நிக்காஹ்', மணமகன் கொடுக்கும் கொடை 'மஹர்', இறப்பு 'மௌத்து', பிரேதம் 'மையித்து', உலகம் 'துனியா', பேறு 'நசீபு', பெருக்கம் 'பரக்கத்து'. விருந்தில் பலர் கூடியிருந்து உண்ணும் பெருந்தட்டு 'சகன்'. இச்சொற்களுடன் தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத ஒலிகளும் ஓதக் கற்றோர் நாவிற் பயில்கின்றன. இவ்வளவையும் கேட்டு இதனை வேற்றுமொழி என ஒருவர் கருதினால் அது வியப்பன்று.

ஆனால் ஒரு மொழியின் உயிர் பெயர்ச்சொற்களில் இல்லை. அது வினையிலும் வேற்றுமை உருபிலும் சொற்கள் புணரும் முறையிலும் உள்ளது. 'வாப்பா மௌத்தாகிட்டார்' என்னும் வாக்கியத்தைப் பகுத்து நோக்குக. மௌத்து என்னும் பெயர் ஒன்றே அரபு. ஆகு என்னும் வினை, அதன் எச்சம், விடு என்னும் துணைவினை, இறந்தகாலம், உயர்வு குறித்த விகுதி ஆகிய யாவும் தமிழ். மௌத்து என்பதன் இறுதிக் குற்றியலுகரமும் உயிர் வரத் தமிழ் விதிப்படியே கெட்டுப் புணர்ந்தது. இப்பேச்சில் வழங்கும் அரபுச் சொற்கள் பெயராகவே வருகின்றன. அரபு வினை அதன் விகுதிகளோடு வந்து தமிழில் வினையாக நிற்பதில்லை. கேள், செய், ஆகு, கொடு என்னும் தமிழ் வினைகளே அப்பெயர்களைத் தாங்கி நடத்துகின்றன. 'உலமாக்கள்' என்னும் சொல் இன்னும் தெளிவான சான்று. ஆலிம் என்பதன் பன்மையே அரபில் உலமா. பன்மையாய் வந்த அச்சொல்லின்மேல் தமிழ் தன் 'கள்' விகுதியை மீண்டும் ஏற்றிக்கொண்டது. அரபின் பன்மை தமிழ்ச் செவிக்குப் பன்மையாகப் படவில்லை என்பதே இதன் பொருள்.

உறவுப் பெயர்களிலும் இதுவே நிலை. தாய் தந்தையர், உடன்பிறந்தார் ஆகியோரின் பெயர்கள் மாறினவேயன்றி உறவைப் பகுக்கும் முறை மாறவில்லை. தாயின் உடன்பிறந்தான் மாமா. தந்தையின் உடன்பிறந்தாள் மாமி. அவர்தம் மக்கள் மச்சான், மச்சி. மாமன் என்னும் ஒரு சொல்லே பெண் கொடுத்தவரையும் சுட்டுகின்றது. தாய்வழிக் குடிமுறையும் இக்கரையோரத்தில் இருசாரார்க்கும் பொதுவானது. ஒருவர் தாயின் குடியையே சேர்வர்; மணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்வான். கோயிலில் வண்ணக்கர் குடிவழி நிற்பது போலப் பள்ளிவாசலில் மரைக்காயர் குடிவழி நிற்பர்.

இனி ஒற்றுமையை நோக்குவாம். சிறிதளவைக் குறிக்கும் 'ஒள்ளம்', பிற்பாடு என்னும் பொருளில் வரும் 'மறுகா', திரும்புதலைச் சுட்டும் 'கிறுகுதல்' முதலிய சொற்கள் மட்டக்களப்புத் தமிழுக்கு அடையாளமானவை. அவை காரைதீவிலும் நிந்தவூரிலும் ஒருங்கே வழங்குகின்றன. மறுகா என்பது மறுகால் என்பதன் திரிபெனக் கொள்ளத்தக்கது. செக்கு நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1966 இல் ஈழத்துத் தமிழைப் பற்றி எழுதியபோது, பேச்சுத் தமிழ் வழக்குகள் யாவற்றிலும் மட்டக்களப்புத் தமிழே இலக்கியத் தமிழுக்கு மிக அணித்தானது எனக் கருத்துரைத்தார். அப்பெருமையில் அம்மண்ணின் முஸ்லிம் மக்களுக்கும் பங்குண்டு.

சமயச் சொற்களில் அடிப்படையானவை பல தூய தமிழ்ச் சொற்களாக இருத்தல் மிகவும் கருதத்தக்கது. இஸ்லாத்தின் தலையாய கடமைகளுள் ஒன்று தொழுகை, மற்றொன்று நோன்பு. வழிபாட்டிடம் பள்ளிவாசல், திருவிழா நாள் பெருநாள், திருக்குர்ஆனைப் படித்தல் ஓதுதல். தொழுதலும் நோற்றலும் ஓதலும் சைவர்க்கும் உரிய சொற்கள். பள்ளி என்பது முன்னர்ச் சமணரும் பௌத்தரும் தம் உறையுளுக்கு வழங்கியது. சமயத்தைப் புதிதாக ஏற்ற மக்களாயினும், அரபு நாட்டினின்றும் வந்து இங்கு மணஞ்செய்தோரின் வழித்தோன்றல்களாயினும், இறைவன்முன் நிற்கும் நேரத்துக்கான சொல்லைத் தமிழிலேயே வைத்துக்கொண்டனர். சந்தையில் மட்டும் பயன்படுத்தும் அயல்மொழியில் ஒருவர் தம் வழிபாட்டிற்குப் பெயர் வைப்பதில்லை.

தனிமொழி என்பாரின் வலிய சான்று அரபுத் தமிழ் ஆகும். அர்வி எனவும் அது வழங்கும். தமிழை அரபு எழுத்துகளால் எழுதும் முறை அது. அரபில் இல்லாத ட, ண, ள, ழ, ங, ஞ முதலிய ஒலிகளுக்கு அரபெழுத்துகளின் மேலும் கீழும் புள்ளியும் குறியும் இட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கினர். எகர ஒகரங்களுக்கும் குறி வகுத்தனர். இதனால் விளைந்த பயன் பெரிது. ஓதற்பள்ளியில் குர்ஆனை ஓதுவதற்காக அரபெழுத்தைக் கற்ற பிள்ளைகள், தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் செல்லாத பெண்கள் உட்பட, சமய நூல்களைத் தம் தாய்மொழியிற் படித்தறிய முடிந்தது. கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை ஆலிம் போன்ற பெரியோர் இம்முறையில் நூல்கள் இயற்றினர். அந்நூல்கள் இலங்கையிலும் பரவின. தைக்கா சுஐபு ஆலிம் 1993 இல் வெளியிட்ட பெருநூல் இவ்விலக்கியப் பரப்பை உலகறியச் செய்தது. தனக்கென எழுத்தும் இலக்கியமும் உடைய அர்வி தனிமொழியே என்பது இச்சாராரின் துணிபு.

இவ்வாதத்தை இகழ்ந்து தள்ளுதல் முறையன்று. இந்தியும் உருதுவும் பேச்சிலக்கணத்தால் ஒன்றே. எழுத்தும் உயர்நடைச் சொற்களும் சமயமும் அரசும் அவற்றை இரண்டாக்கின. அரபுத் தமிழும் அவ்வழியே சென்றிருத்தல் கூடும். ஆனால் சென்றதில்லை என்பதே வரலாறு. 1572 இல் தோன்றிய ஆயிரமசலா முதல், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களையுடைய உமறுப்புலவரின் சீறாப்புராணம் வரை, முஸ்லிம் புலவர்கள் தமிழ் யாப்பிலேயே காப்பியங்களைப் பாடினர். 1882 இல் சித்திலெவ்வை தொடங்கிய முஸ்லிம் நேசன் தமிழ்ப் பத்திரிகை. 1885 இல் அவர் எழுதிய அசன்பேயுடைய கதை ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகின்றது. ம. மு. உவைஸ் 1953 இல் வெளியிட்ட ஆய்வு நூலும் இவ்விலக்கியங்களைத் தமிழ் இலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணியென்றே பெயரிட்டு அழைத்தது. எழுத்து என்பது மொழியின் உடை. 1928 இல் துருக்கியர் அரபெழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தைக் கொண்டனர், மொழி மாறிற்றில்லை. அரபுத் தமிழ் நூலொன்றை வாய்விட்டுப் படித்தால், சமயக் குறியீட்டுச் சொற்கள் சில நீங்கலாக, தமிழறிந்தார் எவரும் அதனை விளங்கிக்கொள்வர். ஆதலின் அது தமிழின் மற்றோர் எழுத்து வடிவம் எனலே பொருந்தும்.

தமிழிலக்கண மரபிலும் இதற்கு இடமுண்டு. தொல்காப்பியர் எச்சவியலில் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். வடசொல் தனக்கேயுரிய எழுத்தைவிட்டுத் தமிழெழுத்தோடு பொருந்தி வருதல் வேண்டும் என விதித்தார். அரபுச் சொற்கள் கல்முனைக் கரையில் இவ்விதிப்படியே நடந்தன. கிதாப் என்பது 'கிதாபு' ஆயிற்று. கப்ர் என்பது 'கபுறு' ஆயிற்று. ஒலியமைப்பும் இலக்கணமும் ஒன்றாய், சொற்றொகுதியில் ஒரு பகுதியே வேறாய் இருக்கும் பேச்சு கிளைமொழியேயாம். கலஜ் பேச்சில் டோர்ஃபர் கண்டது போன்ற தனிமுளை இங்கு இல்லை. கல்முனைக்குடியிற் பிறந்த மொழியியலறிஞர் எம். ஏ. நுஃமான் இப்பேச்சையும் அதிற் கலந்த அரபுக் கடன்சொற்களையும் ஆராய்ந்து, இதனைத் தமிழின் கிளைவழக்காகவே விளக்கியுள்ளார்.

இத்துடன் வழக்கு முடிந்திருத்தல் வேண்டும். முடியாமைக்குக் காரணம் அரசியல். சட்டசபையில் தமிழரின் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், 1885 இல் அச்சபையிலும், 1888 இல் வேத்தியல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையிலும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, சமயத்தால் மட்டும் முஸ்லிம்கள் என வாதித்தார். அவர் காட்டிய சான்றுகளுள் மொழி முதன்மையானது. சோனகர்க்குச் சட்டசபையில் தனி உறுப்புரிமை வழங்குவது பற்றி ஆராயப்பட்ட காலம் அது. ஆதலின் அக்கட்டுரை கல்வியாராய்ச்சி என்ற அளவில் நின்றுவிடவில்லை. 1889 இல் எம். சி. அப்துல் ரகுமான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமனம் பெற்றார். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் இராமநாதனுக்கு மறுப்பு நூல் வெளியிட்டார். ஒரு மக்கள் தாம் வாழும் இடத்து மொழியை ஏற்றமையால் அம்மொழியார் ஆகிவிடார் என்றும், அரபு வணிகராகிய முன்னோர் வாணிகத்தின் பொருட்டே தமிழைக் கைக்கொண்டனர் என்றும் அவர் வாதித்தார்.

இவ்விரு வாதங்களும் ஒன்றையொன்று மறுப்பினும் ஒரே பிழையை உடையன. மொழி ஒன்றாயின் இனமும் ஒன்றே என்றார் ஒருவர். இனம் வேறெனக் காட்டும் பொருட்டு மொழியை இரவற் பொருளாக்கினார் மற்றவர். மொழி யாது என்பதும், அதனைப் பேசுவோர் தம்மை யாரெனக் கொள்கின்றனர் என்பதும் இருவேறு வினாக்கள். முன்னதற்கு விடை சொல்லத் தக்கது ஒலியும் இலக்கணமும். பின்னதற்கு விடை சொல்லத் தக்கவர் அம்மக்களே. ஆங்கிலம் பேசும் ஐரிசுக்காரர் ஆங்கிலேயர் ஆகார். அதனால் அவர் பேசுவது ஆங்கிலம் அன்று என்றும் ஆகாது. இலங்கையின் முஸ்லிம்கள் தனியொரு சமூகத்தவர். குடிசன மதிப்பும் அவ்வாறே கணக்கிடுகின்றது. கிழக்குக் கரையில் அவர்தம் தாய்மொழி தமிழ். இவ்விரண்டு உண்மைகளும் முரணின்றி ஒருங்கே நிற்கவல்லன.

இவ்விரண்டையும் குழப்பியதன் கேடு ஏட்டளவில் நின்றதில்லை. மொழி இரவல் எனின், அதனை எப்பொழுதும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்னும் எண்ணம் பிறக்கும். தென்மேற்குப் பகுதிகளில் முஸ்லிம் மாணவர் பலர் சிங்களம் வழியாகப் பயில்வது இன்று பெருகியுள்ளது. மறுபுறம், ஒரே மொழியினர் என்னும் முழக்கம் மட்டும் உறவைக் காத்துவிடாது. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வெளியேறுக என்ற ஆணையும் தமிழிலேயே சொல்லப்பட்டது. அதனைக் கேட்டு ஊர் நீங்கினோரும் தமிழிலேயே அழுதனர். மொழியொருமையைச் சான்றாகக் காட்டி ஒரு மக்களைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடுதல் எளிது; அவர் தம்மை வேறென உரைக்கும் உரிமையை மதித்து, அதன் பின்னும் அவரோடு அம்மொழியைப் பகிர்ந்து வாழ்தலே அரிது.

அவ்வரிய வழியில் நடந்து காட்டியவர்களும் இருந்தனர். வண்ணார்பண்ணையிற் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற ஏ. எம். ஏ. அசீஸ், 1942 இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்தார். அங்கு காரைதீவு விபுலானந்த அடிகளின் நட்பைப் பெற்றார். பின்னர்ச் சாகிராக் கல்லூரியின் அதிபராய் இருந்து, முஸ்லிம்களின் கல்விக்கும் தமிழுக்கும் ஒருங்கே தொண்டாற்றினார். மருதமுனையிற் பிறந்த புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் மரபுச் செய்யுளில் இஸ்லாமியப் பொருளைப் பாடினார். அவ்வூரினராகிய மருதூர்க்கொத்தன் அம்மண்ணின் வாழ்வைச் சிறுகதைகளாக்கினார். எவரும் தம் சமூகத்தைத் துறந்து தமிழுக்கு வந்தாரல்லர். தமிழைத் துறந்து சமூகத்தைக் காத்தாருமல்லர்.

கிளைமொழி என்னும் முடிவு எவ்வகையானும் தாழ்வுரை ஆகாமையை ஆசிரியர்கள் உணர்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தார் பேச்சும் ஒரு கிளைமொழியே. தஞ்சையார் பேச்சும் அத்தகையதே. கட்டுரைப் பயிற்சியில் பொதுவழக்கைக் கற்பித்தல் ஆசிரியர் கடன். ஆயின் 'மௌத்து' என எழுதிய பிள்ளையின் ஏட்டிற் சிவப்புக் கோடிட்டு வாளா விடுதல் கற்பித்தல் அன்று. அச்சொல் எம்மொழியினின்றும் வந்தது, எவ்விதியாற் புணர்ந்தது, எழுத்து நடையில் அதற்கு ஒத்த சொல் யாது என விளக்கினால், அப்பிள்ளை தன் வீட்டுப் பேச்சிலிருந்தே இலக்கணம் கற்கும். அருகிலிருந்து கேட்கும் பிள்ளையும் அயல்வீட்டை அறியும்.

செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. அரபுத் தமிழைத் தடையின்றிப் படிக்கவல்ல முதியோர் ஊர்தோறும் அருகி வருகின்றனர். அவர்க்குப் பின் அவ்வேடுகள் வீட்டில் இருப்பினும் படிப்பாரின்றிக் கிடக்கும். கரையோரக் கல்லூரிகளின் தமிழ்ச் சங்கங்கள், காரைதீவு மாணவரையும் நிந்தவூர் மாணவரையும் ஒருங்கே அனுப்பி, அவ்வேடுகளைப் படியெடுத்துத் தமிழெழுத்திற் பெயர்த்தலும், இரு ஊர்ச் சொற்களையும் அருகருகே எழுதி அகராதி தொகுத்தலும் பெரும்பொருள் வேண்டாத வேலைகள். அவ்வகராதியில் எத்தனை சொற்கள் வேறாகும், எத்தனை சொற்கள் ஒன்றாகும் என்பதை மாணவரே எண்ணிக் கூறுவர்.